சிவப்பு மையில் அடித்த சொல்: பூர்வகுடி மொழிக் கல்வி பற்றி ஓர் அறிமுகம்

பல வருஷத்துக்கு முந்தைய கதை. ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்புக்கு ‘கடல்’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: “நீவாடு கூடுனா அப்பா வலை விட மாட்டாக.” ‘நீவாடு’ என்பதை அடித்து மேலே ‘நீரோட்டம்’ என்று எழுதினேன். ‘கூடுனா’ ‘கூடினால்’ ஆனது. ‘மாட்டாக’ ‘மாட்டார்’ ஆனது. ஒரு வரியில் மூன்று சிவப்புக் கோடு.

அதே வாரம் அதே வகுப்பில் நெய்தல் திணை நடத்தினேன். கடலும் கடல் சார்ந்த இடமும், பரதவர், உப்பு, மீன், இரங்கல் என்று உற்சாகமாகத்தான் நடத்தினேன். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய பரதவருக்கு மரியாதை. முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சிவப்பு மை. இந்த முரண் எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. உறைத்த பிறகு, உலகத்தில் மற்றவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததையும், எங்கள் கரையில் செய்து பார்த்ததையும், இந்த விஷயத்துக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

பூர்வகுடி மொழி என்றால் எது?

ஒரு மண்ணில் ஆதியிலிருந்து வாழும் மக்கள் பேசுவது; பின்னால் வந்த ஆட்சியோ பெரிய மொழியோ பள்ளியை விட்டும் அலுவலகத்தை விட்டும் வெளியே தள்ளியது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பொதுவாக அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி, ஹவாய்த் தீவுகளின் ஹவாய் மொழி, கனடாவின் கிரீ ஆகியவை அப்படி. நம் மாநிலத்தில் நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளைச் சொல்லலாம்.

அந்தக் கணக்கில் தமிழ் பூர்வகுடி மொழி ஆகாது. பழைய மொழிதான், இந்த மண்ணின் மொழிதான். ஆனால் அரசாணை வருகிற மொழி, பாடநூல் அச்சாகிற மொழி, கோடிக்கணக்கானோர் பேசுகிற மொழி. இங்கே தள்ளப்படும் இடத்தில் தமிழ் இல்லை. சில நேரம் தள்ளுகிற இடத்திலும் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளத் தமிழாசிரியனான எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எங்கள் கரையில் இதற்கு நெருங்கி வரும் உதாரணம் நரிக்குறவர் பிள்ளைகள். ஆதியிலிருந்து இந்த மண்ணில் என்ற முதல் பாதி பொருந்தாவிட்டாலும், பள்ளியை விட்டு வெளியே தள்ளப்பட்டது என்ற இரண்டாவது பாதி அப்படியே பொருந்தும். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பாசிமணி விற்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது தமிழின் வட்டார வழக்கு இல்லை. இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. அந்தப் பிள்ளைக்கு முதல் வகுப்பில் தமிழ் ஒரு வேற்றுமொழி. அதைத் தாய்மொழி என்று வைத்துக்கொண்டு நாம் பாடம் நடத்துகிறோம். புரியாமல் விழிக்கும் பிள்ளையை ‘மக்கு’ என்கிறோம்.

மீனவர் பிள்ளை, கடல்பாசி எடுப்பவர் பிள்ளை, கீழக்கரை மரைக்காயர் வீட்டுப் பிள்ளை எல்லோருக்கும் தமிழ்தான் தாய்மொழி. அவர்கள் இழப்பது மொழியை அல்ல. மொழிக்குள் இருக்கும் ஒரு கடலறிவை. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பூர்வகுடி மக்கள் கண்டுபிடித்த வழிகள் இரண்டுக்கும் உதவுகின்றன. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

வளம் என்றால் புத்தகம் இல்லையா?

‘கற்பித்தல் வளம்’ என்றதும் நமக்குப் புத்தகம், அட்டை, சார்ட், இப்போது செயலி என்று ஓடுகிறது. பூர்வகுடி மொழிக் கல்வியில் வரிசை தலைகீழ். முதல் வளம் பேசத் தெரிந்த ஆள். இரண்டாவது, அந்த ஆளும் குழந்தையும் சேர்ந்திருக்கும் நேரம். புத்தகம் அதற்கெல்லாம் பிறகுதான்.

நியூசிலாந்தில் 1982இல் நடந்ததைப் பாருங்கள். மாவோரி பேசும் இளம் பெற்றோர் அருகிவிட்டார்கள். தாத்தா பாட்டிக்குத்தான் மொழி தெரியும். நடுவில் ஒரு தலைமுறை கைநழுவிப் போயிருந்தது. அவர்கள் பாடநூல் தயாராகட்டும் என்று காத்திருக்கவில்லை. பள்ளி வயது எட்டாத குழந்தைகளைப் பெரியவர்களிடம் விட்டு, ‘இங்கே மாவோரி மட்டும்தான் பேசுவோம்’ என்றார்கள். அதற்கு வைத்த பெயர் ‘கோஹங்கா ரேயோ’. கோஹங்கா என்றால் கூடு, ரேயோ என்றால் மொழி. ஐந்து வருஷத்தில், 1987இல், மாவோரி அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சட்டம் வந்தது.

ஹவாயில் கதை இன்னும் கடுமை. 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டும் பயிற்று மொழியாக்கியது. 1978இல் ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழி ஆனபோதும் அதைப் பேசும் குழந்தைகள் மிகச் சிலரே. 1983இல் சிலர் கூடி, மாவோரிக்காரர்களைப் பார்த்து, ‘பூனானா லேயோ’ என்று தங்கள் கூட்டைத் தொடங்கினார்கள். இங்கும் கூடு என்ற சொல்தான். கலிபோர்னியாவில் சில மொழிகளுக்கு இரண்டு மூன்று கிழவிகள்தான் மிச்சம். கூடு கட்ட ஆள் போதாது. அங்கே 1990களில் ஒரு பெரியவருக்கு ஓர் இளையவர் என்று ஜோடி சேர்த்தார்கள். இருவரும் சேர்ந்து சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், கடைக்குப் போவார்கள். பேச்சு முழுக்க அந்த மொழியில். நம் ஊரில் ஓடாவியிடம் படகு கட்டப் பழகுபவன் இப்படித்தான் பழகுகிறான். உளி பிடிக்கப் புத்தகம் வைத்து எந்த ஓடாவியும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்தியாவில் ஒடிசா அரசு 2006 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்தது. முதலில் வீட்டு மொழி, பிறகு படிப்படியாக ஒடியா, ஆங்கிலம். அடித்தளம் போட்டுவிட்டு மாடி கட்டுகிற முறை. நமது கட்டாயக் கல்விச் சட்டமும் (2009) இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. ‘இயன்றவரை’ என்ற அந்த ஒரு சொல்லில் பல பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள் என்பது என் புலம்பல்.

எங்கள் கரையில் என்ன இருக்கிறது?

நிறைய. ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இது பாடநூல். எங்கள் ஊரில் அது வடகடல், இது தென்கடல். இன்னும் நெருங்கிக் கேட்டால் வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல். ஒன்று அடக்கம், மற்றொன்று முரடு என்று விளக்கம். ‘பெண் என்றால் ஏன் அடக்கம்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றைய பாடம் மொழிப் பாடத்திலிருந்து நழுவி வேறெங்கோ போய், நன்றாகவே போனது.

ஆனால் அந்தப் ‘பெண்கடல்’ வருஷம் முழுக்க அடக்கமாக இருப்பதில்லை. வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு சமாளிக்கலாம். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் நேர்மாறு. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இந்த நாலு பெயரைத் தெரிந்துகொண்டால் நான் அடித்த அந்தச் சொல்லும் திறக்கும். நீவாடு என்பது கடலுக்குள் ஓடும் நீரின் போக்கு. வாடைப் பக்கமிருந்து ஓடினால் வாநீவாடு. சோழகப் பக்கமிருந்து ஓடினால் சோநீவாடு. காற்றின் பெயரில் முதலெழுத்தை எடுத்து நீரோட்டத்துக்கு முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். ‘நீரோட்டம்’ என்ற பொதுச்சொல்லில் திசை கிடையாது; ‘வாநீவாடு’ என்றால் வலையை எந்தப் பக்கம் விடுவது என்பதே அடங்கிவிடுகிறது. நான் சரியான சொல்லை அடித்துவிட்டு மங்கலான சொல்லை எழுதியிருந்தேன்.

இதை வகுப்பில் என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு அறிவியல் நிறுவனம் பூர்வகுடிச் சமூகங்களோடு உட்கார்ந்து பருவகால நாட்காட்டிகள் தயாரித்திருக்கிறது. வட்டமாக ஒரு படம். அந்தந்த மொழியில் பருவங்களின் பெயர். எந்தப் பூ பூத்தால் எந்த மீன் கொழுக்கும் என்பது போன்ற குறிப்புகள். அந்த வடிவத்தை நாங்கள் இரவல் வாங்கினோம். ஒரு முழு சார்ட் தாளில் வட்டம், அதில் பன்னிரண்டு தமிழ் மாதம். முதல் வளையத்தில் காற்று, இரண்டாவதில் எந்தக் கடல் சாந்தம், மூன்றாவதில் எந்த மீன் படும், நான்காவதில் வீட்டில் என்ன நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில். அந்த இடத்தில் ஒரு பையன் வலை பின்னும் அப்பாவை வரைந்தான். இன்னொருத்தி அடகுக் கடையை வரைந்தாள். பண்பாடு என்றால் பாட்டும் கூத்தும் மட்டும் என்று நினைத்திருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியருக்கு இது பருவக்காற்றுப் பாடம். சமூக அறிவியலுக்கு வாழ்வாதாரம். கணக்குக்கு வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பது. கால அட்டவணையில் தனியாக ஒரு பாடவேளை கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

சொல் சீட்டு

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் மிகச் சின்ன கருவி இதுதான். பழைய அழைப்பிதழ் அட்டையை வெட்டினால் போதும். ஒரு சீட்டில் ஒரு சொல். அதன் கீழே சொன்னவர் பேசியபடியே ஒரு வாக்கியம். யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் கேட்டது. பாடநூலில் அதற்கு என்ன சொல். பின்பக்கம் பிள்ளை வரைந்த படம். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒன்று. சொல்: ஆவுளியா. வாக்கியம்: “ஆவுளியா குட்டிக்குப் பாலு குடுக்கும்யா, அது மீனில்ல.” பாடநூலில்: கடற்பசு. அந்த ஒரு வாக்கியத்தில் பாலூட்டி என்ற பாடம் முடிந்துவிட்டது. பாக் விரிகுடாவில் 2022இல் கடற்பசுவுக்கென்று ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள், 448 சதுர கிலோமீட்டர். அந்தச் செய்தியை அதே சீட்டோடு பின் குத்தி வைத்தோம்.

இரண்டு எச்சரிக்கை. ‘கொச்சை’, ‘தூய தமிழ்’ என்று சீட்டில் பிரிக்காதீர்கள். வீட்டுச் சொல், புத்தகச் சொல் என்றால் போதும். தேர்வில் புத்தகச் சொல்லை எழுதத்தான் வேண்டும், இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு அது பாரமில்லை. மற்றது, எழுதுவதற்கு முன் ஒலியைப் பதிவு செய்யுங்கள். கைபேசி போதும். எழுத்து எல்லா ஒலியையும் பிடிக்காது. வாக்ரிபோலியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இது பெரிய சிக்கலாகும். நம் ‘ப’ ஒன்றே (பல், அம்பு) இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. அவர்கள் மொழியில் அந்த இரண்டும் வேறு வேறு. மேலே ஒரு புள்ளியோ கீழே ஒரு கோடோ போட்டு வேறுபடுத்தலாம், ஆனால் எந்தக் குறி என்பதை அந்த மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிழக்கு இந்தியாவில் சந்தாலி மொழி பேசும் பழங்குடி மக்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். ரகுநாத் முர்மு 1925இல் ஒல்சிக்கி எழுத்தை உருவாக்கினார். 2003இல் சந்தாலி, அரசமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் ஏறியது.

எழுத்து என்றதும் கீழக்கரையைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே தமிழை அரபு எழுத்தில் எழுதிய மரபு உண்டு. அரபுத்தமிழ் என்று பெயர். தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைக் கூடுதலாகச் செய்துகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்கள் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து, கரும்பலகையில் பிள்ளைகள் பெயரை அந்த எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மொழி வேறு, எழுத்து வேறு என்பதை இதைவிடச் சுலபமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

கேட்டு வாங்குவது

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்தேன். ஒரு பெரியவரிடம் கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ பற்றிக் கேட்டோம். பார் என்றால் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். கரையில் இருக்கும் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்து அவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அவர் அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், எந்தப் பனை என்று கேட்டதும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “அது எதுக்கு சார் ஒங்களுக்கு?” என்றார். பேட்டி அங்கேயே முடிந்தது. அது அவர் குடும்பச் சொத்து என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

‘முதல் குடிமக்கள்’ என்று அழைக்கப்படும் கனடாவின் பூர்வகுடிகள் இதற்கு நாலு சொல்லில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். தங்களைப் பற்றிய தகவல் யாருடையது, யார் ஆள்வது, யார் பார்ப்பது, எங்கே வைப்பது என்பதைத் தாங்களே தீர்மானிப்பது. அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ‘பர்ஸ்ட்வாய்சஸ்’ என்று ஓர் இணையக் களஞ்சியம் இருக்கிறது. சொல், ஒலி, பாட்டு, கதை எல்லாம் அதில் உண்டு. எது எல்லோருக்கும், எது தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று அந்தந்தச் சமூகமே பூட்டு வைத்துக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். சீட்டில் ஒரு மூலையில் ‘வகுப்புக்கு மட்டும்’ அல்லது ‘எல்லாருக்கும்’ என்று சொன்னவரையே சொல்லச் செய்தால் போதும். ஒப்பாரிப் பாட்டைப் பள்ளியில் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். சாவு வீட்டுக்கு வெளியே அதைப் பாடப் பலருக்கு மனசு வராது. அம்பாப் பாட்டு கேளுங்கள், வலை இழுக்கும்போது பாடுவது. பிள்ளைகள் ஒரு கயிற்றையும் பிடித்துக்கொண்டால் இன்னும் நன்று.

கூலியையும் மறக்கக் கூடாது. பாசி எடுக்கும் ஓர் அக்காவை வகுப்புக்கு அழைத்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி எடுக்கிற வேலை அது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, “இதையெல்லாமா சார் பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவீக?” என்றார். உள்ளே வந்து மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று மேசையில் பிரித்து வைத்தார். ‘பெப்சிப்பாசி’ என்று ஒன்றையும் காட்டினார். ஒரு குளிர்பானக் கம்பெனி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து வளர்க்கவைத்த வெளிநாட்டுப் பாசி, கம்பெனி பெயரே ஒட்டிக்கொண்டது. மொழி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நரிக்குறவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “எங்க பாசி வேற சார்” என்று கழுத்து மணியைத் தூக்கிக் காட்டினாள். அந்த வருஷம் அவள் வகுப்பில் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

அந்த அக்காவை மறு வாரமும் வாருங்கள் என்றேன். முடியாது என்றார். இந்தக் கரைப் பெண்கள் பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அமாவாசையை ஒட்டிக் கொஞ்ச நாள், பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்ச நாள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. நான் அழைத்தது அந்தப் பன்னிரண்டில் ஒரு நாள். ஒரு நாள் கூலி போயிருக்கும். அதன் பிறகு வகுப்புத் தேதியை நாள்காட்டியில் பிறை பார்த்துத்தான் குறிக்கிறேன். வருகிறவருக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒரு தொகையும் கொடுக்கிறோம். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் செலவைவிடக் குறைவுதான்.

கையில் ஏற்கெனவே இருப்பவை

பாம்பனில் 90.4இல் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 2016 முதல் ஒலிக்கிறது. மீனவர் பேச்சு மீனவர் வாயிலாகவே கேட்கும். பத்து நிமிஷம் கேட்கவிட்டு ஐந்து சொல் பிடிக்கச் சொல்லலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. உள்ளூர்ப் பெயருக்கு அறிவியல் பெயர் தெரிய வேண்டுமானால் அங்கே கேட்கலாம். குழந்தைகள் நூல் வெளியிடும் பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் படக்கதைகளை எடுத்து நம் மொழியில் மாற்றி எழுதி அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமம் திறந்தது, தனியாக அனுமதி கேட்க வேண்டாம். பழங்குடி மொழிகளிலும் கதைகள் இருக்கின்றன. வாக்ரிபோலியில் ஒரு பாட்டி சொன்னால், பேத்தி எழுதினால், நாலு பக்கப் புத்தகம் தயார். செயலிகள் பற்றிக் கேட்காதீர்கள். மூன்று தரவிறக்கிப் பார்த்தேன், மூன்றும் விளம்பரம்தான் காட்டின.

சீட்டுகளை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி மிச்சம். ஈரக்காற்றில் அட்டை பூத்துவிடும். நாங்கள் மூடி இறுக்கமான முறுக்கு டப்பாவில், ஈரம் இழுக்க அரிசியை முடிந்து கட்டிய ஒரு சின்னத் துணியோடு வைத்திருக்கிறோம். ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு பிரதி சொன்னவர் வீட்டுக் கைபேசியில் இருக்கட்டும். டப்பாவில் முதல் சீட்டு ‘நீவாடு’. சொன்னவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பையன் பெயரை எழுதியிருக்கிறேன். அவன் இப்போது அவன் அப்பா படகில் போகிறான், சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “படத்துல வலை தப்பாப் போகுது சார், வாநீவாடுக்கு இப்புடி விட மாட்டாக” என்றான். பேனாவை அவனிடம் கொடுத்தேன்.